வாக்குச் சீட்டும் வயிற்றுச் சோறும்

வாக்குரிமை பெரிது. அதை அஞ்சாமல் பயன்படுத்தும் நிலை அதனினும் பெரிது. முன்னதைச் சட்டம் தந்துவிடலாம். பின்னதை யார் தருவார்? கூலி கொடுப்பவன் ஒருவன். குடியிருக்கக் குடிசை கொடுப்பவனும் அவனே. கடையில் கடனுக்கு மாவும் உப்பும் கொடுப்பவனும் அவனே! அவன் முகம் சுளித்தால் மறுநாள் அடுப்பிலே பூனை தூங்கும். இந்த நிலையில் உள்ள ஏழைக்குச் சட்டப் புத்தகத்திலே இருக்கும் உரிமை எதற்கு உதவும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

இந்தக் கேள்விக்கு விடை தேடி வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெண்மணியின் கதையை இன்று எடுத்துக் கொள்கிறோம். அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். பருத்திக் காட்டிலே வளர்ந்து, நாற்பத்து நான்கு வயது வரையில் பருத்திக் காட்டிலேயே உழைத்தவர். அவர்தான் ஃபேனி லூ ஹேமர் அம்மையார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போர் என்றதும் நம்மவர் நெஞ்சில் மார்ட்டின் லூதர் கிங் முன்னே நிற்கிறார்; நிற்க வேண்டியவர்தான். அவரோடு அதே காலத்தில், அதே போரில், ஏர் பிடித்த கையோடு வந்து நின்றவர் இந்த அம்மையார். அவருடைய துணிவை உலகம் ஓரளவு அறியும். துணிவுக்குப் பின்னால் அவர் கட்டியெழுப்ப முயன்ற ஒன்றைப் பலர் அறியார். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பொன் விளையும் பூமி

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்றொரு மாநிலம். அதன் வடமேற்கு மூலையில் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலத்தை டெல்டா என்பார்கள். பருத்தி பொன்னாக விளையும் பூமி. பொன் விளைந்தது, விளைவித்தவன் வீட்டில் விளக்கு எரியவில்லை!

அடிமை முறை 1865-ல் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்த இடத்திலே வாரச் சாகுபடி வந்து உட்கார்ந்தது. நிலம் வெள்ளைப் பண்ணையாருக்குச் சொந்தம். விதையும் உரமும் அவர் தரும் கடன். உழைப்பு மட்டும் கறுப்பருடையது. அறுவடை முடிந்ததும் பாதிப் பங்கு என்பார்கள். அந்தப் பாதியிலே கடனைக் கழிப்பார்கள். கழித்த பின் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடன். கணக்குப் புத்தகமோ பண்ணையார் கையில். 1890-ல் மாநிலம் புது அரசியல் சட்டம் வகுத்து, எழுத்தறிவுச் சோதனை என்றும் தலைவரி என்றும் முள்வேலி போட்டு, கறுப்பரை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியது.

இந்த மாநிலத்திலேதான் 1917 அக்டோபர் 6-ல் ஃபேனி லூ பிறந்தார். அந்த வீட்டில் இருபது பிள்ளைகள், இவர் இருபதாவது. இரண்டு வயதில் குடும்பம் சன்பிளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. சன்பிளவர் என்றால் சூரியகாந்தி. பெயரிலாவது வெளிச்சம் இருந்தது!

ஆறு வயதுக் குழந்தை சாலையோரம் விளையாடிக் கொண்டிருந்தபோது பண்ணையார் வந்து, பருத்தி எடுக்கத் தெரியுமா என்று கேட்டார். வாரத்துக்கு முப்பது ராத்தல் எடுத்தால், தம் கடையிலிருந்து மிட்டாயும் தின்பண்டமும் தருவதாக ஆசை காட்டினார். குழந்தை எடுத்தது, மிட்டாயும் கிடைத்தது. அடுத்த வாரம் அறுபது ராத்தல் எடுக்கச் சொன்னார்கள். மிட்டாய் ஒரு தடவை, பாரம் வாழ்நாள் முழுதும்! பதின்மூன்று வயதில் நாளுக்கு இருநூறு ராத்தலுக்கு மேல் எடுக்கும் கையாகிவிட்டது அந்தப் பிஞ்சுக் கை. பள்ளிக்கூடமும் அந்த அளவில் நின்றது.

ஒரே ஒரு தடவை அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்தது. தகப்பனார் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மிச்சம் பிடித்து மூன்று கோவேறு கழுதைகளும் கொஞ்சம் உழவுக் கருவிகளும் வாங்கினார். வாரக்குடி நிலையிலிருந்து குத்தகைக்காரராக உயரலாம் என்று கனவு கண்டார். ஓரிரவில் வெள்ளையன் ஒருவன் வந்து, தீவனத்தில் பயிர்ப்பூச்சி கொல்லும் நஞ்சைக் கலந்துவிட்டுப் போனான். கழுதைகள் மூன்றும் மாண்டன. குடும்பம் மறுபடியும் பழைய பள்ளத்தில் விழுந்தது, இனி எழவே முடியாதபடி.

ஏனய்யா இந்த வஞ்சகம்? கறுப்பன் கழுதை வைத்திருந்தால் வெள்ளையனுக்கு என்ன நட்டம்? நட்டம் உண்டு. சொந்தக் கருவியும் சொந்த விலங்கும் வைத்திருப்பவன் பண்ணையார் வாசலில் வந்து நிற்க மாட்டான். அந்த வாசலில் கூட்டம் குறைந்தால் ஆதிக்கம் ஆட்டங் காணும். இந்தப் பாடம் அந்தச் சிறுமியின் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையே சொல்லும்.

தராசைத் திருத்திய கை

வளர்ந்து, 1940-களின் நடுவில் பெர்ரி ஹேமர் என்ற உழவரை மணந்து, ரூல்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் வேலை நேரத்தையும் பருத்தி எடையையும் குறிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பண்ணையின் எடைக்கல் பொய் சொல்லும். பண்ணையார் இல்லாத நேரம் பார்த்து, அம்மையார் தாம் கொண்டுபோன எடைக்கல்லை மாட்டி நிறுப்பார். அன்றைக்கு உழைப்பாளிக்கு உரிய கூலி கிடைக்கும். மேடை இல்லை, கொடி இல்லை, கூட்டம் இல்லை. ஆனாலும் போராட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது என்போம் நாம்.

1961-ல் வயிற்றில் இருந்த கட்டியை அகற்ற மருத்துவமனைக்குச் சென்றார். அவரைக் கேளாமலே, அவருக்குத் தெரியாமலே, கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அந்நாளில் இழைக்கப்பட்ட கொடுமை அது. நிலத்தைப் பறித்தவர்கள், கூலியைப் பறித்தவர்கள், தாய்மையையும் பறித்தார்கள்! பெற்றெடுக்க இயலாத அந்தத் தாய், பிறர் பெற்ற பெண் குழந்தைகளைத் தம் குழந்தைகளாக வளர்த்தார்.

1962 ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் இளைஞர்கள் சிலர் கூட்டம் போட்டனர். கறுப்பருக்கும் வாக்குரிமை உண்டு என்று அவர்கள் சொன்னபோதுதான் அம்மையார் அதை முதன்முதலில் கேள்விப்பட்டார். நாற்பத்து நான்கு வயதுப் பெண், தம் நாட்டில் தமக்கு வாக்கு உண்டு என்பதை அப்போதுதான் அறிகிறார்! மாவட்டத்து மக்களில் மூவரில் இருவர் கறுப்பர். ஆனால் வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பட்டியலில் இல்லை.

ஆகஸ்டு 31-ல் பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் ஏறி, மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவுக்குப் பெயர் பதியச் சென்றனர். மாநில அரசியல் சட்டத்தில் கடினமான ஒரு பிரிவை எடுத்து நீட்டி, எழுதி விளக்கம் சொல் என்றார் அதிகாரி. சட்டம் படித்தவரே திணறும் கேள்வி; தேறவில்லை. திரும்பும் வழியில் காவல் துறையினர் பேருந்தை மடக்கினர். குற்றம் என்ன தெரியுமா? பேருந்தின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூடப் பேருந்தின் மஞ்சளைப் போல இருக்கிறதாம்! ஓட்டுநருக்கு அபராதம் நூறு டாலர் என்றார்கள். பேசிப் பேசி முப்பதாகக் குறைந்தது. பதினெட்டு ஏழைகளும் மடியை அவிழ்த்து, சில்லறை சேர்த்து, கட்டி மீண்டனர். நடுங்கிக் கொண்டிருந்த கூட்டத்தில் அம்மையார் குரலெடுத்துப் பக்திப் பாடல்களைப் பாடினார். நடுக்கம் நின்றது.

வீடு திரும்பினால் பண்ணையார் காத்திருந்தார். பதிவை விலக்கிக் கொள், இல்லையேல் பண்ணையை விட்டு வெளியேறு என்றார். தாம் பெயர் பதியப் போனது தமக்காகவே என்றும், அவருக்காக அல்ல என்றும் சொல்லிவிட்டு, அன்றிரவே வெளியேறினார் அம்மையார். அறுவடை முடியும் வரையில் கணவரைப் பண்ணையிலேயே நிறுத்திக் கொண்டார்கள். பத்து நாளில், அவர் தங்கியிருந்த வீட்டின்மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன. அன்று அவர் அங்கே இல்லாததால் உயிர் தப்பினார். குழாய்த் தண்ணீரே இல்லாத வீட்டுக்கு 9,000 டாலர் தண்ணீர்க் கட்டணம் கேட்டுச் சீட்டு வந்த கூத்தும் நடந்தது.

அம்மையார் மறுபடியும் சோதனை எழுதினார். 1963 சனவரியில் தேறினார். அப்போதும் வாக்களிக்க விட்டார்களா? இரண்டாண்டுத் தலைவரிச் சீட்டைக் காட்டு என்றார்கள்.

சிறையும் மேடையும்

1963 சூன் 9. பயிற்சி வகுப்பொன்றிலிருந்து திரும்பும்போது வினோனா என்ற ஊரில் பேருந்து நின்றது. வெள்ளையர் உணவுக் கடையில் கறுப்பர் உட்கார்ந்தனர் என்று சொல்லி அனைவரையும் சிறையில் தள்ளினர். அங்கே இரண்டு கறுப்புக் கைதிகளை அழைத்து, அவர்கள் கையில் தடியைக் கொடுத்து, அம்மையாரை அடிக்கச் சொன்னார்கள். ஒருவன் கை ஓய்ந்ததும் மற்றவன் அடித்தான். அடிமையின் கையாலேயே அடிமையை அடிப்பது ஆதிக்கக்காரரின் பழைய கலையன்றோ! சிறுநீரகம் கெட்டது, ஒரு கண்ணின் பார்வை குன்றியது, அந்த வலி சாகும் வரையில் நீங்கவில்லை. வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு, அடிக்கச் சொன்ன அதிகாரிகளை ஆண்டு முடிவதற்குள் குற்றமற்றவர் என விடுவித்தது.

மறு ஆண்டு அந்த வலியே நாட்டுக்கு முன் சாட்சியாயிற்று. மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சி வெள்ளையர் கட்சியாகவே இருந்தது. கறுப்பரும், அவர்களோடு நின்ற வெள்ளையர் சிலரும் 1964-ல் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை அமைத்து, அறுபத்தெட்டுப் பிரதிநிதிகளை அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டுக்கு அனுப்பினர். ஆகஸ்டு 22-ல் தகுதிக் குழுவின் முன் அம்மையார் பேசினார். தொலைக்காட்சி அதைக் காட்டிக் கொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவசர அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டினார். படப்பிடிப்பு அந்தப் பக்கம் திரும்பிற்று. ஆனால் அன்றிரவே தொலைக்காட்சி நிறுவனங்கள் அம்மையாரின் பேச்சை ஒளிபரப்பின. வெள்ளை மாளிகை மறைக்க நினைத்த குரலை நாடு முழுதும் கேட்டது.

கடைசியில் இரண்டு இடம் தருகிறோம், அமைதியாக இருங்கள் என்றனர். பேர்பெற்ற தலைவர்கள் பலர் ஏற்றுக் கொள்ளச் சொன்னார்கள். அறுபத்தெட்டுப் பேரும் களைத்து வந்தது இரண்டு நாற்காலிக்காக அல்ல என்று அம்மையாரும் தோழர்களும் மறுத்தனர். பிடிவாதம் என்றனர் சிலர். நாம் அப்படிக் கருதவில்லை. உரிமை கேட்டவனுக்குச் சலுகை தருவது, பசித்தவனுக்கு மோர்த் தண்ணீர் தருவது போன்றது. அதை மறுக்கும் துணிவு இருந்ததால்தான் 1968 சிகாகோ மாநாட்டில் கறுப்பரும் அடங்கிய மிசிசிப்பிக் குழுவுக்கு இடம் கிடைத்தது. அம்மையார் பிரதிநிதியாக அமர்ந்தபோது மன்றமே எழுந்து நின்று கையொலி செய்தது.

இடையில் 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் 1964-ல் கறுப்பரில் நூற்றுக்கு ஏழு பேரளவில் இருந்த பதிவு, 1967-ல் அறுபதை எட்டியது. வெற்றி! ஆனால் கதை இங்கே முடியவில்லை. உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

பசி என்னும் கடிவாளம்

பெயர் பதிந்தவர்களைப் பண்ணையார்கள் வெளியேற்றினார்கள். பருத்தி எடுக்க எந்திரம் வந்துவிட்டது. களை கொல்ல மருந்து வந்துவிட்டது. இனிக் கறுப்புக் கை தேவையில்லை. கறுப்பு வாக்கோ தொல்லை! போகட்டும், பட்டினி கிடக்கட்டும், சிக்காகோவுக்கு ஓடட்டும் என்றிருந்தனர். அதே மாவட்டத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணையின் சொந்தக்காரர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டு. சர்க்காரின் பருத்தித் திட்டத்தின் கீழ் அவர் பண்ணைக்கு ஒரே ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. பக்கத்துக் குடிசைகளில் குழந்தைகள் பசியால் சுருண்டு கிடந்தன. இருப்பவனுக்கு மானியம், இல்லாதவனுக்கு உபதேசம்!

அம்மையார் வீட்டிலேயே இடி விழுந்தது. 1967-ல் அவருடைய வளர்ப்பு மகள், சத்துக் குறைவால் நலிந்த உடம்போடு நோயுற்றார். அருகிலிருந்த மருத்துவமனைகள் கைவிரித்தன. நூறு மைலுக்கு அப்பால் மெம்பிஸ் நகருக்குக் கொண்டு சென்றும் பயனில்லாமல் போயிற்று. மகள் விட்டுச் சென்ற இரண்டு பேத்திகளையும் அம்மையாரும் கணவரும் தம் பிள்ளைகளாக ஏற்றனர்.

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வாக்குச் சீட்டைத் தடியால் பறிக்க முடியாதவர்கள் சோற்றால் பறிக்கிறார்கள். சோறு நம் கையில் இருந்தால் வாக்கும் நம் கையில் இருக்கும். தகப்பனாரின் மூன்று கழுதைகள் மறுபடியும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

முதலில் பன்றி வங்கி. ஆம், பன்றி வங்கிதான்! சிரிக்க வேண்டாம். பணம் போட்டு எடுக்கும் வங்கியைவிடப் பயனுள்ளது இது. கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் பொருளுதவி செய்தது. ஐந்து ஆண் பன்றிகளும் சில பத்துப் பெண் பன்றிகளும் கொண்டு வங்கி தொடங்கிற்று. ஏழைக் குடும்பம் ஒரு பெண் பன்றியைக் கடனாகப் பெறும். குட்டி போட்டதும் தாயையும், வட்டியாகச் சில குட்டிகளையும் வங்கியில் கட்டிவிட்டு, மற்றவற்றை வைத்துக் கொள்ளும். கட்டிய குட்டிகள் அடுத்த குடும்பத்துக்குப் போகும். கணக்கப்பிள்ளை ஏமாற்ற முடியாத கணக்கு! சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வீடுகளில் குளிர்காலத்துக்கு இறைச்சி தொங்கியது. பிச்சை வாங்கியவர் யாருமில்லை. ஒவ்வொரு குடும்பமும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்த குடும்பம்.

அடுத்தது நிலம். 1969-ல் நாற்பது ஏக்கர் வாங்கி, சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு என்று பெயரிட்டார். விஸ்கான்சின் மாநிலத்து நல்லெண்ணக் குழுவொன்று உதவியது. பாடகர் ஹாரி பெலஃபாண்டி நிதி திரட்டித் தந்தார். அம்மையாரே நோயுடம்போடு ஊர் ஊராகப் பேசிப் பொருள் சேர்த்தார். சில ஆண்டுகளில் நிலம் அறுநூறு ஏக்கரைத் தாண்டிற்று. வெண்டை, பட்டாணி, அவரை, கீரை, சர்க்கரைவள்ளி எல்லாம் விளைந்தன. கடன் தவணை கட்டப் பருத்தியும் சோயாவும் பயிரிட்டனர். உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அந்த ஒரு டாலரையும் கட்ட முடிந்த குடும்பங்கள் முப்பதுதான். பெயரளவில் சேர்ந்தவையோ ஆயிரத்து ஐந்நூறு. வறுமை எத்தகையது என்று இதிலிருந்தே அறிந்து கொள்க! கட்ட முடியாதவர்களை அவர் விரட்டவில்லை. வந்து களை எடு, காய் பறி, வீட்டுக்கு எடுத்துச் செல் என்றார். பசித்து வந்த வெள்ளை ஏழைகளுக்கும் பங்கு கிடைத்தது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சொந்த வீடு கட்டிக் கொள்ளவும் வழி செய்தார். பண்ணையார் குடிசையில் பிறந்தவர்கள், தம் பெயரில் பத்திரம் உள்ள வீட்டில் கால் வைத்தனர்.

தோல்வியா இது?

முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்ணை நிலைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. பசித்தவருக்குக் கொடுத்தது போக விற்க மிஞ்சியது குறைவு. வெளியூர் நன்கொடை மெல்ல வற்றியது. வரிப் பாக்கியும் கடனும் ஏறின. எல்லாச் சுமையும் அம்மையார் ஒருவரின் பெயரையும் பேச்சையும் நம்பியிருந்தது. அவரோ நோயில் விழுந்தார். 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச் 14-ல், புற்றுநோயும் இரத்தக் கொதிப்பும் வாட்ட, ஐம்பத்தொன்பது வயதில் மறைந்தார். பண்ணை நிலத்தின் ஒரு துண்டிலேயே, ரூல்வில்லில், அவரை அடக்கம் செய்தனர். 2012-ல் அங்கே சிலை எழுந்தது. 2025 சனவரியில் அமெரிக்க அரசு தன் உயர்ந்த குடிமக்கள் விருதை, அவர் மறைந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, அளித்தது.

சிலை வைத்தார்கள், பதக்கம் சூட்டினார்கள், மகிழ்ச்சி. ஆனால் பண்ணை வாடிய நாளில் கடன் கொடுக்க ஒரு வங்கி முன்வந்திருந்தால்? செனட்டர் பண்ணைக்கு ஓடிய மானியத்தில் பத்திலொரு பங்கு இந்தப் பக்கம் பாய்ந்திருந்தால்? இறந்தவருக்கு மாலை போடச் சளைக்காத சர்க்கார்கள், இருந்தபோது நீர் ஊற்ற மறந்தன. 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1965 சட்டத்தின் முக்கியமான காவல் ஏற்பாடு ஒன்றைச் செயலற்றதாக்கியது. எழுத்தில் பெற்றதை எழுத்தால் பறிக்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பண்ணை தோற்றது உண்மை. ஆனால் பசியால் வாக்கைப் பணிய வைக்கும் தந்திரம் அந்தச் சில ஆண்டுகளில் அந்த ஊரில் பலிக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்தவன் கையை நம்பிய உரிமை நிலைக்காது என்பதையும், ஏழைகள் கூடினால் நிலமும் வீடும் விதையும் தங்களதாக்க முடியும் என்பதையும் ஒரு பருத்திக் கூலி செய்து காட்டிவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒருவர் தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர். அவர் சாய்ந்தால் எல்லாம் சாயும்.

பொய்க்கல் கட்டிய தராசை, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருத்திய அந்தக் கை, பிறகு ஊரறிய, நாடறியத் திருத்திற்று. கை ஓய்ந்துவிட்டது. தராசு இன்னும் நேராகவில்லை. எடைக்கல் இனி யார் கையில் என்பதே கேள்வி.